பீடத்துக்கு ஒரு பாத்தி, வீட்டுக்கு ஒரு பாத்தி

மண்ணெண்ணெயில் வெள்ளைப்பூண்டை ஊறப்போட்டு, வெயிலில் வைத்து, மறந்துபோனால் ஒரு வாடை வருமே, அந்த வாடை கோயிலுக்குள் வந்தது. மெழுகுவர்த்திக்கு அடியிலிருந்து, பழுத்த பப்பாளிக்கு அடியிலிருந்து, கதவோரம் சாத்திவைத்த ஈரக் குடைகளுக்கு அடியிலிருந்து வந்தது. மூக்குக்கு எட்டுவதற்கு முன்னால் தொண்டைக்கு எட்டிவிட்டது. பாடிக்கொண்டிருந்தேன். பாட்டு பாதியில் நின்றுவிட்டது.

அன்றைக்கு அறுப்பின் பண்டிகை. வருஷத்துக்கு ஒருமுறை, தெமோதரையிலிருந்து மேலே ஏறினால் வரும் அந்தச் சின்னக் கற்கோயிலில், சபையார் தாங்கள் விளைவித்ததில் நல்லதைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைப்பார்கள். கோவா, கரட், லீக்ஸ், வாழைக்குலை, கால் கட்டின சேவல் ஒன்று. ஆராதனை முடிந்ததும் வெளியே மரத்தடியில் ஏலம். சேருகிற பணம் கோயிலுக்கு. விலைபோகாத மரக்கறி பதுளை டவுனிலுள்ள பிள்ளைகள் இல்லத்துக்கு.

எல்லாவற்றுக்கும் முன்னால், நட்டநடுவில், என் தம்பியின் கூடை. போஞ்சி. வெளியூரில் பீன்ஸ் என்பார்கள். எல்லாம் ஒரே நீளம், ஒரே பச்சை, ஒரு கீறல் கிடையாது. கூடையின் விளிம்பைச் சுற்றித் தக்காளியை மாலை மாதிரி அடுக்கியிருந்தான். வாடை அங்கேயிருந்துதான் வந்தது.

அந்த வாடையோடுதான் என் அப்பா தினமும் வீட்டுக்கு வந்தார்.

தோட்டத்தில் அவருக்கு மருந்தடிக்கிற வேலை. தேயிலை வரிசைகளுக்கு நடுவே முளைக்கிற புல்லைச் சாகடிக்க, இலையில் விழுகிற பூச்சியைச் சாகடிக்க, முதுகில் டேங்க்கைக் கட்டிக்கொண்டு, ஒரு கையால் பம்ப் அடித்தபடி மலையேறுவார். வேலை விட்டு வந்ததும் நாங்கள் இருந்த லயத்து வரிசைவீட்டுச் சுவரில் வெளிப்பக்கமாக இருந்த ஆணியில் சட்டையைக் கழற்றி மாட்டுவார். சட்டை உள்ளே வரக்கூடாது. அம்மாவின் சட்டம். குழாய்த் தண்ணீர் வந்து விழுகிற பீலியில் போய்க் குளித்து முடிக்கும்வரை அவர் எங்களைத் தொடக்கூடாது. அதுவும் அம்மாவின் சட்டம். தம்பிக்கு அது விளங்காது. அப்பாவைக் கண்டதும் ஓடுவான். அம்மா அவனுடைய கால்சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்து நிறுத்துவாள். அவன் அலறுவான். அப்பா கையிரண்டையும் தூக்கிக்கொண்டு, ஏதோ குற்றம் செய்து பிடிபட்டவர் மாதிரி, தள்ளி நிற்பார். இப்படித்தான் நாங்கள் வளர்ந்தோம். கடைசியில் நெஞ்சு அடைத்து, மூச்சை இழுத்து இழுத்து அவர் போனார். எதனால் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை.

அந்தத் தம்பிதான், கால்சட்டையைப் பிடித்து நிறுத்தப்பட்டவன்தான், இப்போது யாரும் சொல்லாமலே முதுகில் டேங்க்கைக் கட்டுகிறான். தோட்டத்து வேலையை விட்டுவிட்டான். தோட்டம் கைவிட்ட ஒரு தேயிலை மலையில் செடியைப் பிடுங்கிவிட்டுப் போஞ்சியும் தக்காளியும் போடுகிறான். யாருக்கும் கைகட்டி நிற்கத் தேவையில்லை என்று பெருமையாகச் சொல்வான். எனக்கும் அதில் பெருமைதான். அதை மறைக்கப் போவதில்லை.

பண்டிகைக்கு முந்தின வாரம், நான் இருக்கிற பதுளைக்குக் கோல் எடுத்தான்.

"அக்கா, பண்டிகைக்கு வந்துரு. அன்னைக்கு மத்தியானத்துக்கு மேல சபைக் கூட்டம். ஊத்துக்கு மேல இருக்கே, கோயில் மேடு, அத நான் கேட்டிருக்கேன். நீ எந்திரிச்சு ஒரு வார்த்தை சொன்னா எல்லாரும் கேப்பாங்க."

"மேடு எதுக்குடா ஒனக்கு?"

"போஞ்சி போட. கீழ மண்ணு செத்துப்போச்சு. எவ்வளவு அடிச்சாலும் புடிக்க மாட்டேங்குது. மேட்டுல புது மண்ணு."

கோயிலுக்குப் பின்னால் இருக்கிறது அந்த மேடு. மானாப் புல்லும் நாலைந்து கொய்யாமரமும் பாறையும். அதன் காலடியில் ஓர் ஊற்று. ஊற்றிலிருந்து குழாய் இறங்கி, கீழே லயத்துப் பீலியில் போய் விழுகிறது. குழாய் போட்டவர்களில் அப்பாவும் ஒருவர். ஊற்றுக்கு மேலே யாரும் எதையும் நடக்கூடாது என்று அன்றைக்கு இருந்தவர்கள் பேசிவைத்தார்கள். எழுதிவைக்கவில்லை. பேசிவைத்ததை எல்லோரும் இத்தனை காலம் காப்பாற்றினார்கள். மேட்டில் மருந்து அடித்தால் அடுத்த மழைக்கு அது பீலியில் வரும். இதைச் சொல்ல யாரும் படித்திருக்கத் தேவையில்லை. தண்ணீர் கீழே ஓடும் என்று தெரிந்தால் போதும். அந்தப் பீலியில்தான் தம்பியின் வீட்டுச் சோற்றுக்கும் தண்ணீர் எடுக்கிறார்கள்.

நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வர்றேன் என்றேன். வந்து, பாட்டை நிறுத்திவிட்டு, அந்தக் கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாத ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கம் மரக்கறி போடுகிற வீட்டில் இரண்டு பாத்தி இருக்கும். மலையில் பெரியது ஒன்று, அது சந்தைக்கு. அடுப்பெரிக்கிற குசினிக்குப் பின்னால் சின்னது ஒன்று, அது வீட்டுக்கு. சந்தைப் பாத்திக்குப் பூவில் ஒரு மருந்து, பிஞ்சில் ஒரு மருந்து, பறிப்பதற்கு முன்னால் மினுக்கத்துக்கு ஒரு மருந்து. வீட்டுப் பாத்திக்குச் சாம்பல், சாணித் தண்ணீர், காலையில் குனிந்து புழுப் பொறுக்க இரண்டு கை. சந்தைப் போஞ்சி கண்ணாடி மாதிரி இருக்கும். வீட்டுப் போஞ்சியில் ஓட்டை இருக்கும், வளைந்திருக்கும், சில சமயம் உள்ளே ஆள் இருப்பார். யாரும் இதை ஒளிப்பதில்லை. யாரும் இதைப் பற்றிப் பேசுவதுமில்லை.

நல்லதைக் கொண்டுவா என்று கோயில் சொன்னால் எங்கள் சனம் எதைக் கொண்டுவரும்? அழகானதை. ஓட்டை விழுந்த போஞ்சியை ஆண்டவருக்கு முன்னால் வைக்க வெட்கம். அதனால் தாங்கள் வாயில் வைக்காததை அவருக்கு வைக்கிறார்கள். கள்ளம் கபடம் எதுவும் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். கள்ளமென்றால் திட்டிவிட்டுப் போய்விடலாம். இவர்கள் விடியவே குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, கண்ணில் நீர் முட்ட, நஞ்சைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். தோத்திரம் சொல்லி வைக்கிறார்கள். ஆண்டவரே, நீர் இதை ஏற்றுக்கொள்கிறீரா? ஏற்றுக்கொண்டு என்ன செய்கிறீர்? உமக்கும் குசினிக்குப் பின்னால் ஒரு பாத்தி இருக்கிறதா?

படைப்பைக் காப்போம் என்று பீடத்துக்கு மேலே ஒரு பேனர் தொங்கியது. பிளாஸ்டிக் பேனர். போதகர் வயதில் சின்னவர், மோட்டார் சைக்கிளில் சபை சபையாக ஓடுகிறவர், மனசில் பட்டதைத்தான் பேசுவார். முதல் மனுஷனுக்குக் கொடுத்த முதல் வேலையே தோட்ட வேலைதான் என்றார். கல்லறைக்குப் போன பெண், உயிர்த்தெழுந்தவரைப் பார்த்ததும் தோட்டக்காரர் என்றுதான் நினைத்தாள் என்றார். அந்த இடம் எனக்கு எப்போதும் பிடிக்கும். அன்றைக்குக் கேட்டபோது என் கண்ணுக்குள் வந்தது எங்கள் ஊர்த் தோட்டக்காரர். முதுகில் நீல டேங்க், கையில் ரப்பர் குழாய், வாயைச் சுற்றிக் கட்டின கைலேஞ்சி. தன்னைத் தொட வேண்டாம் என்றுதான் உயிர்த்தெழுந்தவரும் அந்தப் பெண்ணிடம் சொன்னாராம். இவர் எந்தப் பீலியில் போய்க் குளித்துவிட்டு வந்து எங்களைத் தொடப்போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். பிரசங்கத்தின் மிச்சம் காதில் விழவில்லை.

ஏலம் கூறியவர் ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை. தேயிலைக் கொழுந்தைத் தராசில் நிறுத்த காலத்துக் குரல் இன்னும் அப்படியே இருக்கிறது.

"இந்தா பப்பாளி. பீடத்துல குந்தியிருந்து பிரசங்கம் கேட்டுப் பழுத்த பப்பாளி. கேளுங்க."

"பிரசங்கம் கேட்டுச்சுன்னா உள்ளுக்குத் தூங்கிப் போயிருக்குமேய்யா," என்றாள் முன்னால் இருந்த கிழவி ஒருத்தி. போதகரும் சிரித்துவிட்டார்.

சேவல் தன் விலையைத் தானே கூவிக்கொண்டு போனது. பிறகு தம்பியின் கூடை வந்தது. கணக்கப்பிள்ளை ஒரு போஞ்சியை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தார்.

"பாத்துக்கிங்க. கண்ணாடி. ஒரு பூச்சி இதுக்குக் கிட்ட போயிருக்குமா?"

"போயிருந்தா செத்திருக்கும்," என்றது பின்னாலிருந்து ஓர் ஆண் குரல்.

எல்லோரும் சிரித்தார்கள். வாய்விட்டுச் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். அந்தச் சிரிப்பில்தான் எனக்குக் காது சூடேறியது. தெரிந்திருக்கிறது. அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. நான் கையைத் தூக்கினேன். எதிரே ஒருவர் விலை கேட்டார், நான் ஏற்றினேன். அவர் கேட்டார், ஏற்றினேன்.

"டவுன்காரி எறங்கிட்டா. இனி நாம தேங்காச் சம்பலோட இருக்க வேண்டியதுதான்," என்று அவர் விலகிக்கொண்டார்.

தம்பிக்கு முகமெல்லாம் மலர்ச்சி. கூடையைத் தானே தூக்கிக்கொண்டு வந்தான். பாதி தூரம் நடந்த பிறகுதான் அவனுக்கு ஏதோ உறைத்தது.

"இத நீ எதுக்கு எடுத்த? வேற யாருக்காச்சும் விட்டிருக்கலாமே."

"எனக்குப் போஞ்சி புடிக்கும்," என்றேன்.

லயத்தில் தம்பி மனைவி சோறாக்கிவிட்டிருந்தாள். கொழுந்து பறிக்கிறவள், கோயிலிலிருந்து முந்தி வந்து அடுப்பை மூட்டியிருந்தாள். கூடையைக் கொண்டுபோய் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இதையும் ஒரு கறி வையேன்."

"இருக்கட்டும் மதினி. கோழி இருக்கு, பருப்பு இருக்கு."

"எனக்குப் போஞ்சி வேணும்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள். சுளகை எடுத்துக்கொண்டு பின்கதவால் வெளியே போனாள். வீட்டுப் பாத்தியில் அவள் குனிவது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. அந்த நேரத்தில் அவர்களுடைய சின்ன மகள் கூடைக்குப் பக்கத்தில் வந்து குந்தினாள். தக்காளி அவ்வளவு சிவப்பு. யாருக்குத்தான் ஆசை வராது. ஒன்றை எடுத்தாள். கடிக்க வாயைத் திறந்தாள்.

தாய் எப்படி அவ்வளவு தூரத்தைக் கடந்து வந்தாள் என்று தெரியவில்லை. பிள்ளையின் கையில் விழுந்த அடியில் தக்காளி உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது.

"அதத் தொடாதன்னு சொல்லியிருக்கேன்ல."

பிள்ளை அழுதது. அம்மா தம்பியைக் கால்சட்டையைப் பிடித்து நிறுத்தியபோது அவன் அழுதானே, அதே அழுகை. அடுப்பில் விறகு வெடித்தது.

"சாமிக்கு வச்சது மதினி. அதான்," என்றாள் அவள், தரையைப் பார்த்துக்கொண்டு.

"சாமிக்கு வச்சதப் பிள்ள தின்னக் கூடாதா?"

தம்பி பேசினான்.

"இப்ப என்னதான் வேணும் ஒனக்கு? நல்ல நாளும் அதுவுமா."

"ஒண்ணும் வேணாம். இத ஒரு கை அரிஞ்சு போட்டுக் குடு. நீயும் தின்னு. நானும் திங்கிறேன்."

"அக்கா."

"இல்லத்துப் பிள்ளைங்க திங்கலாம். ஆண்டவர் திங்கலாம். நீ மட்டும் திங்க மாட்ட."

"பெருசாப் பேசாத." அவன் எழுந்து நின்றான். "டவுன் சந்தையில நீ எதப் பொறுக்குற? ஓட்டை விழுந்ததையா பைக்குள்ள போடுற? ஒடச்சுப் பாத்து, மின்னுறதத்தான எடுக்குற. புழு தின்ன போஞ்சிய லொறிக்காரன் கையால தொடமாட்டான். மூட்டையோட திருப்பி எறக்கிட்டுப் போவான். நீ மின்னுறத எடுக்கிற வரைக்கும் நான் அடிக்கத்தான் செய்வேன்."

அவன் சொன்னது சரிதான். சரி என்பதால் கோபம் தணியவில்லை, இன்னும் ஏறியது.

"அப்பா சட்டைய எங்க மாட்டுனாரு?" என்று கேட்டேன்.

"தெரியும்."

"நீ எங்க மாட்டுற?"

அவன் வாசலைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை. வரும்போதே நான் கண்டேன். அதே சுவர், அதே ஆணி, துருப்பிடித்துக் கறுத்திருந்தது. அதில் அவனுடைய நீலச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

சாப்பிட்டோம். ஓட்டைப் போஞ்சியைத் தேங்காய்ப்பால் விட்டு வைத்திருந்தாள். நல்ல ருசி. யாரும் அதைச் சொல்லவில்லை. கூடை அடுப்படியிலேயே இருந்தது, பூனை கூட அதற்குப் பக்கத்தில் போகவில்லை. கூட்டத்துக்குக் கிளம்பும்போது அதை நான் தூக்கிக்கொண்டேன். தம்பி தடுக்கவில்லை. என்ன செய்யப்போகிறேன் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். எனக்குத்தான் தெரியவில்லை.

விலைபோகாத மற்றக் கூடைகள் அதற்குள் வேனில் ஏறிப் பதுளைப் பிள்ளைகள் இல்லத்துக்குப் போய்விட்டிருந்தன.

கூட்டம் கோயிலுக்குள்ளேயே நடந்தது. தம்பி எழுந்து மேட்டைக் கேட்டான். நன்றாகத்தான் கேட்டான். கீழே மண் செத்துப்போனது, பிள்ளைகளைப் படிக்கவைக்க வேண்டும், விளைச்சலில் கோயிலுக்கும் பங்கு தருகிறேன் என்றான். தலைகள் ஆடின. ஊற்று என்று மெதுவாக யாரோ இழுத்தார்கள். அதற்குப் பழைய மூப்பர் ஒருவர், நல்ல மனிதர், என் ஞானஸ்நானத்தைக் கூடப் பார்த்தவர், உட்கார்ந்தபடியே பதில் சொன்னார்.

"இந்தப் பூமி எப்படியும் வெந்து உருகப்போறதுதான. நமக்கு மேல ஒரு வீடு இருக்கு. மேட்டப் புடிச்சுக்கிட்டு ஏன் சண்ட? தம்பி பொழைக்கட்டும்."

அவ்வளவுதான். நான் எழுந்துவிட்டேன். தம்பி என்னை நம்பிக்கையோடு பார்த்தானா பயத்தோடு பார்த்தானா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"தாத்தா, எரியப்போற வீடுன்னு சொல்லி உள்ள இருக்கிற பிள்ளைக்கு விஷம் வப்பீங்களா?" என்றேன். கூடையைப் பெஞ்சுமேல் வைத்தேன். "இத ஏலத்துல நான் எடுத்தேன். மத்தியானம் இது எங்க வீட்டு அடுப்புல ஏறல. ஏத்த மாட்டேன்னுட்டாங்க. ஒங்க வீட்டுல எது ஏறிச்சு? யாராச்சும் ஒருத்தர், ஒரே ஒருத்தர், இங்க பீடத்துல வச்ச பாத்தியிலிருந்து இன்னைக்குக் கறி வச்சிருந்தா சொல்லுங்க. நான் வாய மூடிக்கிட்டு ஒக்காந்துக்கிறேன்."

ஒருவரும் சொல்லவில்லை. பீடத்துக்கு மேலே பேனர் காற்றில் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தது.

பிறகு எல்லோரும் ஒன்றாகப் பேசினார்கள். டவுனில் உட்கார்ந்துகொண்டு சுலபமாகப் பேசலாம் என்றார்கள். கூடப்பிறந்தவனையே சந்தி சிரிக்க வைக்கிறாளே என்றார்கள். ரெண்டெழுத்துப் படித்துவிட்டால் இப்படித்தான் என்றார்கள். கணக்கப்பிள்ளை மேசையைத் தட்டினார். தம்பி கூடையையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுடைய காதுமடல் சிவந்திருந்தது. அவனுக்காக என் வயிறு எரிந்தது. அதோடு கோபமும் எரிந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் எரியும் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

அப்போது தம்பி மனைவி எழுந்தாள். சபையில் அவள் பேசி யாரும் கேட்டதில்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு, போதகரைப் பார்த்துப் பேசினாள்.

"மேடு எங்களுக்கு வேணுங்க. கீழ மண்ணு செத்துப்போச்சு, அவரு பொய் சொல்லல. ஆனா மேட்டுல போடுறதுன்னா வீட்டுப் பாத்தி மாதிரிப் போடட்டும். அந்தத் தண்ணியிலதான எங்க ஒல கொதிக்குது."

உட்கார்ந்துவிட்டாள்.

"வீட்டுப் பாத்தின்னா அவ்வளவு பெரிய மேட்டுக்குப் புழுப் பொறுக்க எவன் இருக்கான்?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். ஏலத்தில் பூச்சி செத்திருக்கும் என்று சொன்ன அதே குரல்.

"ஏன், ஒங்கையில என்ன, சுளுக்கா?" என்றாள் பப்பாளிக் கிழவி. "ஞாயித்துக்கெழம வெள்ளன வந்து பொறுக்கிட்டு ஜெபத்துக்குப் போவோம். எனக்கு மனுஷங்க மொகந்தான் மங்கலாத் தெரியுது. புழு நல்லாத் தெரியும்."

யாரோ சிரித்தார்கள். இது வேறு சிரிப்பு. சாம்பலுக்கு எந்த வீட்டு அடுப்பு என்று பேச்சு வந்தது. சாணிக்கு யார் வீட்டு மாடு என்று பேச்சு வந்தது. வேப்பெண்ணெயைச் சோப்பில் கலக்கும் பக்குவத்தில் இரண்டு பெண்கள் சண்டையே பிடித்துக்கொண்டார்கள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எப்படிச் செய்வது என்று ஒருவர் கூடக் கேட்கவில்லை. யாரும் வந்து சொல்லித்தரத் தேவையில்லை. குசினிக்குப் பின்னால் தினமும் செய்கிறார்கள். தங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் செய்கிறார்கள். இத்தனை காலமும் கையில் இருந்திருக்கிறது. அதை நினைத்தபோது ஆத்திரம் தலைக்கு ஏறியது. அதையே நினைத்தபோதுதான், எவ்வளவோ வருஷத்துக்குப் பிறகு, அந்தக் கோயிலுக்குள் மூச்சை உள்வரை இழுத்துவிட முடிந்தது. புது வானம், புது பூமி என்று சின்ன வயதிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். மேலேயிருந்து இறங்கி வரும் என்றுதான் நினைத்திருந்தேன். குசினிக்குப் பின்னாலிருந்து நாலு பாத்தி அளவு நகர்ந்து வந்தாலும் போதும், ஆண்டவரே. அதற்கும் நாங்கள் தயாராக இல்லை, பாரும்.

போதகர் கை தூக்கச் சொன்னார். மேடு தம்பிக்கு, ஒரு போகத்துக்கு, வீட்டுப் பாத்தி மாதிரி மட்டும். அடுத்த பண்டிகைக்குப் பீடத்தில் வைப்பது அவரவர் வீட்டுப் பாத்தியிலிருந்து. கைகள் உயர்ந்தன. பழைய மூப்பரும் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தூக்கினார். தம்பியின் கை உயரவில்லை. திரும்பி வெளியே போய்விட்டான்.

அவன் ஒப்புக்கொள்ளாவிட்டால் சபை கை தூக்கி என்ன பயன். டேங்க் அவன் முதுகில். மேட்டுக்குக் காவல் யார் நிற்பது.

ஆனாலும் ஸ்டேஷனுக்கு என்னைக் கொண்டுவந்து விட அவனே வந்தான். என் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தான். மூடுபனி இறங்கி, நமுனுகுல மலை இருந்த இடமே தெரியவில்லை. தேயிலைக்கு நடுவிலான குறுக்குப் பாதையில் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே இறங்கினேன். டேங்க் வார் பதிந்து பதிந்து ஒரு தோள் சற்றுத் தாழ்ந்திருந்தது. அப்பாவுக்கும் அப்படித்தான்.

தெமோதரை ஸ்டேஷனில் பெஞ்சு ஈரமாக இருந்தது. நின்றோம்.

"எல்லார் முன்னாலயும் சொல்லியிருக்க வேணாம்," என்றான்.

"வேற எங்க சொல்றது?"

"வீட்டுல சொல்லு."

"வீட்டுல சொன்னேனே."

அவன் தண்டவாளத்தில் ஒரு கல்லை உதைத்துத் தள்ளினான். பதுளைக்குப் போகிற ரயில் இங்கிருந்து கிளம்பி, மலையை ஒரு சுற்றுச் சுற்றி, இதே ஸ்டேஷனுக்கு அடியில் குகைக்குள் நுழைந்துதான் போகும். சின்ன வயதில் அவன் மேலே நின்று, காலுக்குக் கீழே ரயில் அதிர்வதைக் காத்திருந்து கேட்பான். இப்போதும் என்னை ஏற்றிவிட்டு உடனே போகமாட்டான் என்று எனக்குத் தெரியும்.

"ஒரு போகம் பாக்குறேன்," என்றான், என்னைப் பார்க்காமல். "ஒரு போகந்தான். டேங்க்க மேட்டுக்குக் கொண்டுபோகல. பூச்சி தின்னு தீத்துச்சுன்னா நீதான் வந்து பதில் சொல்லணும்."

"வர்றேன். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வர்றேன்."

"ஒனக்குக் குனிய வருமா மொதல்ல?"

"கீழ மலையில என்ன பண்ணுவ?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதுதான். ஆனால் கோபம் இன்னும் மிச்சமிருந்தது.

"அதுல அடிக்கத்தான் செய்வேன்," என்றான். "லொறிக்காரன் மாறல. நீ மொதல்ல டவுன்ல மாறு."

ரயில் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அவன் பையை ஜன்னல் வழியாகத் தந்தான். வந்தபோது இருந்ததைவிடக் கனமாக இருந்தது. திறந்தேன். மேலே பழைய பத்திரிகையில் சுற்றி, வாழைநாரால் கட்டின ஒரு பொட்டலம். தம்பி மனைவியின் முடிச்சு. ஓரத்தில் ஒரு போஞ்சி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, வளைந்து, நடுவில் ஓட்டையோடு.

வண்டி நகர்ந்தது. ஜன்னலைப் பிடித்தபடி இரண்டடி கூடவே நடந்து வந்தான்.

"அதுல புழு இருக்கும் அக்கா. பாத்து அரிஞ்சுக்க."